எட்டு மணிநேரம், ஒரு வாரம், எப்போதும்

கருங்காட்டூர் மேலத்தெருவில் முதன்முதலாகச் சத்தம் போனது ரிட்டயர்டு கண்டக்டர் உலகநாதனுக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாக ஒன்றரை மணிக்கு, தம்பி சிதம்பரத்தின் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திக் கத்திப் பழுத்த தொண்டையால் ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஏசிக்கொண்டிருந்த மனுஷன், ஏசிக்கொண்டேதான் இருந்தார், வாய் அசைந்தது, கை வீசியது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. கோபத்தில் எழுந்து நாற்காலியை எட்டி உதைத்தார், அது உருண்டு வாசற்படியில் போய் விழுந்தது, அதற்கும் சத்தமில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து நிம்மதியாக ஒரு மத்தியானத் தூக்கம் போட்டார்கள். ராத்திரி ஒன்பதரைக்குச் சத்தம் தானாகத் திரும்பி வந்தது, அவரும் விட்ட இடத்திலிருந்து ஏச ஆரம்பித்தார்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை. சிதம்பரத்துக்கும் கோமதிக்கும் ஒரே மகள் சண்முகவடிவு, ஜெர்மனியில் இன்ஜினியரிங் மேல்படிப்பு படிக்கிறவள், அன்றைக்கு அப்பாவைக் கூப்பிட்டு, "அப்பா, பெரியப்பாகிட்ட சொல்லிராதீங்க, 'நம்ம சொந்தம்' குரூப்பை எட்டு மணிநேரம் மியூட்ல போட்டுட்டேன்" என்றாள். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாதாம், துணி துவைக்கிற மெஷின்கூட ஓடக்கூடாதாம், பெரியப்பா அனுப்புகிற காலை வணக்கப் படங்கள் டிங் டிங் என்று விழுவதைக் கேட்டு அறைத்தோழி கதவில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டாளாம். எத்தனை மணிக்கும்மா போட்டாய் என்று சிதம்பரம் கேட்டார். இங்கே காலையில் ஒன்பது மணிக்கு என்றாள். நம்ம ஊர் ஒன்றரை. சிதம்பரம் ஃபோனை வைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தார். அந்தக் குரூப்பில் இருந்த பதினோரு பேருக்கும் அன்றைக்கு அதே எட்டு மணிநேரம் சத்தம் போயிருந்தது, ஒரு சித்தப்பாவுக்குத் தும்மல்கூடக் கேட்கவில்லை.

கோமதி அந்தக் குரூப்பில் கிடையாது. ஒருநாளைக்கு நூறு படம் வந்தால் என் ஃபோன் செத்துப்போகுது என்று அவளே வெளியே வந்துவிட்டாள். சிதம்பரம் வைத்திருந்தது பட்டன் ஃபோன், அதில் குரூப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது.

உடனே ஒரு மெசேஜ் போட்டு, பிள்ளே, நீ அங்கே மியூட்டில் போட்டால் இங்கே எங்களுக்குச் சத்தம் போகுது, போடாதே என்று சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மேலத்தெருவில் யாருக்கும் தோன்றாது. வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைக்கு நல்ல சேதி மட்டும்தான் போக வேண்டும், அது அந்தத் தெருவின் சட்டம். வீட்டை விற்றதைச் சொல்ல மாட்டார்கள், தங்கச்சி கல்யாணம் நின்றதைச் சொல்ல மாட்டார்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைத் தூக்கி உட்காரவைத்துத் தலை சீவி வீடியோவில் சிரிக்கச் சொல்வார்கள், எல்லாம் படித்து முடித்துவிட்டு வந்து இறங்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதனால் உலகநாதனே சொல்லிவிட்டார், "படிக்கிற பிள்ளை மனசுல இதப் போட்டுக் கொழப்பக் கூடாது. எட்டு மணிநேரந்தான. பேசாம இருந்துட்டுப் போறோம்."

பேசாமல் இருக்கப் பழகியதும் அதில் உள்ள சௌகரியம் தெரு ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செண்பகம்தான் முதல் ஆளாக வந்து, அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் குறட்டை தாங்க முடியலை, அவர் நம்பரையும் அந்தக் குரூப்புல சேத்து விடுங்க என்று கேட்டாள். உலகநாதன் சேர்த்தார். அடுத்து ஒரு கல்யாண வீட்டார் வந்து, எப்போதும் பந்தியில் தகராறு பண்ணுகிற இரண்டு மாமன்மார்களின் நம்பரைக் கொடுத்தார்கள். அப்புறம் டியூஷன் டீச்சர் வந்தாள், அப்புறம் கோயில் ரேடியோ செட்டுக்காரனை அவனுக்கே தெரியாமல் நாலு பேர் சேர்ந்து கொண்டுவந்து சேர்த்தார்கள், அப்புறம் மருமகள்கள் மாமியார்களையும் மாமியார்கள் மருமகள்களையும் சேர்த்தார்கள், பதினொன்று தொண்ணூற்று மூன்றாகியது. டீக்கடைப் பலகையில் வடைக்குக் கீழே சாக்பீஸால் 'இன்று மியூட் 1.30 – 9.30' என்று எழுதிப்போட ஆரம்பித்தார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்து நேரம் குறித்தார்கள். அங்கே வடிவு, யார் யாரோ சொந்தக்காரர்கள் போல என்று நினைத்துக்கொண்டு, தினமும் மறக்காமல் எட்டு மணிநேரம் போட்டாள். எட்டு மணிநேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்றுதான் அதில் கேட்கும். எட்டு மணிநேரத்துக்கு மேல் போட அவளுக்கு மனசு வரவில்லை, சொந்தமாயிற்றே.

அம்மாவை மட்டும் அவள் தொடவில்லை. அம்மாவின் மெசேஜுக்கென்று தனியாக ஒரு மணிச்சத்தம் வைத்திருந்தாள். வீட்டில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அம்மாதான் சொல்லுவாள், அது கேட்காமல் போய்விடக் கூடாது என்று பயம். கோமதிக்கு அது தெரியும். தெருவே மியூட்டில் கிடக்கிற சாயங்காலங்களில், டோக்கன் கூப்பிடுகிற வேலையாக டாக்டர் நெல்லையப்பன் கிளினிக்கில் நின்று, "டோக்கன் இருபத்தி ரெண்டு, சுப்புத்தாய், உள்ள வாங்க" என்று அவள் கூப்பிடுகிற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கணீரென்று போகும்போது, அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்தான். என் மகள் என்னைப் போட மாட்டாள் என்று செண்பகத்திடம் சொல்லியும் விட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வடிவு ஒரு பாடத்தில் ஒருதரம் ஃபெயிலாகியிருந்தாள். இரண்டாம் தரம் மார்ச் மாசக் கடைசியில், காலை பத்து மணிக்குப் பரீட்சை. பத்து மணி என்றால் நம்ம ஊரில் பிற்பகல் இரண்டரை என்று கோமதி காலண்டரில் எழுதிவைத்திருந்தாள், அது சரியான கணக்குத்தான், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். நம்ம ஊரில் யார் கடிகாரத்தைத் தள்ளுகிறார்கள். பாட்டரி தீர்ந்தால்தான் அதன் பக்கமே போவோம். கோமதி கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணி, திருநீற்றைத் தட்டோடு படம் எடுத்து, பரீட்சைக்கு இருபது நிமிஷம் முன்னாலே கிடைக்கட்டும் என்று, பதற்றமில்லாமல் பார்த்துவிட்டு உள்ளே போகட்டும் என்று, இரண்டு பத்துக்கு அனுப்பினாள். அங்கே பரீட்சை ஆரம்பித்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. இருநூறு பேர் பேனா ஓடுகிற சத்தம் தவிர வேறெதுவும் இல்லாத ஹாலில், வடிவின் பைக்குள் அம்மாவின் மணி கணகணவென்று அடித்தது. ஃபோன் அடித்தால் தாளைப் பிடுங்கிவிடுவது அங்கே விதி. பிடுங்கிவிட்டார்கள்.

இனி ஒரே ஒரு தரம்தான். மூன்றாம் தரமும் போய்விட்டால் அந்தப் படிப்பை அந்த நாட்டில் எங்கேயும் தொடர முடியாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வடிவு அழுதாள், யாரிடமும் பேசாமல் ஆற்றங்கரையில் நடந்தாள், அம்மாவைத் திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. நல்ல பிள்ளை. அம்மாவின் பெயரை அழுத்தி, 'எப்போதும்' என்பதைத் தொட்டாள்.

அப்போது மேலத்தெருவில் சாயங்காலம் ஆறே கால். கோமதி கிளினிக்கில் கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. கையைத் தட்டினாள், இல்லை. மேசையை ஓங்கி அடித்தாள், இல்லை. காத்திருந்தவர்களில் பாதிப்பேர் மேலத்தெருக்காரர்கள், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "கோமதிக்கும் போட்டுட்டா போல. எட்டு மணிநேரந்தானே, ரெண்டேகாலுக்கு வந்துரும்" என்றார்கள். இரண்டேகாலுக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்தும் வரவில்லை. அதற்குப் பிறகு தெருவில் அதை ஒரு பதவி மாதிரிச் சொல்ல ஆரம்பித்தார்கள், கோமதிக்கு 'எப்போதும்' ஆகிவிட்டது என்று.

டாக்டர் தங்கமானவர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. சிவப்பு நம்பர் எரிகிற பலகை ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, கோமதியைக் கூட்டித் துடைக்கிற வேலைக்கு மாற்றினார். சத்தமே இல்லாமல் கூட்டுகிறாள், நோயாளிகளுக்கு ரொம்ப நல்லது என்று பாராட்டவும் செய்தார். நம்பர் மாறும்போது அந்தப் பலகை டிங் என்று ஒரு சத்தம் போட்டது. கோமதி ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தாள்.

வீட்டில் அவள் பாத்திரம் கழுவினால் கேட்காது, நடந்தால் கேட்காது, பின்னால் வந்து நின்றால் தெரியாது. சிதம்பரத்துக்கு முதல் வாரம் சிரிப்பாக இருந்தது, இருபத்தாறு வருஷத்தில் இப்போதுதான் நான் பேசுகிறது எனக்கே கேட்குது என்று தெருவில் சொல்லிச் சிரித்தார். இரண்டாவது மாசம் அவர் வெறும் வீட்டைப் பார்த்து, "கோமதி, இருக்கியா?" என்று கேட்க ஆரம்பித்தார். அவள் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போவாள். சாப்பிடும்போது கேட்பார், படுக்கும்போது கேட்பார், குளித்துக்கொண்டே கேட்பார். ஏதாவது ஏசேன் என்று ஒருநாள் கெஞ்சினார். அவள் ஏசினாள், அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வடிவு ஞாயிற்றுக்கிழமை கோமதியின் ஃபோனில் கூப்பிடும்போது சிதம்பரம்தான் பேசுவார், கோமதி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள். "உங்கம்மைக்குத் தொண்டை கட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்ல." கோமதிக்கு டைப் அடிக்க வராது, வாய்ஸ் மெசேஜ்தான் பழக்கம். பழக்கத்தை விட முடியாமல் நாற்பத்தெட்டு விநாடி, ஒரு நிமிஷம், ஒன்றேகால் நிமிஷம் என்று பேசி அனுப்பிக்கொண்டே இருந்தாள். வடிவு ஒரே ஒருதரம் அதில் ஒன்றைப் போட்டுக் கேட்டாள், ஒன்றும் இல்லை, அம்மா மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள் போல என்று சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். கோமதி அந்தப் பொம்மையைச் செண்பகத்திடம் காட்டினாள்.

"ஒரு வார்த்தை சொல்லிருங்க மைனி. எடுத்து விட்டுருவா. பாவம், அவளுக்குத் தெரியாதுல்லா" என்றாள் செண்பகம்.

கோமதி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள், ஜூலை 24. கடைசிப் பரீட்சை அன்றைக்குத்தான். தன்னுடைய மணியால் ஒரு தடவை போனது போதும் என்று அவள் கணக்கு. சத்தம் எங்கே போய்விடப்போகிறது.

ஜூலை பதினைந்தாம் தேதி காலையில் பதினோரு மணிக்கு, கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சிதம்பரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சரிந்தபோதும் அவர் சொன்னது "கோமதி, இருக்கியா" என்பதைத்தான். அவள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு கத்தினாள். வயிற்றின் அடியிலிருந்து கத்தினாள். பித்தளைக் குடத்தை எடுத்துச் சுவரில் அடித்தாள், குடம் நசுங்கியது, காரை பெயர்ந்து விழுந்தது, சத்தமில்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் செண்பகம் மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். கோமதி அவரைத் தரையில் கிடத்திவிட்டுத் தெருவைச் சுற்றி ஓடினாள், செண்பகத்தின் வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது, இரண்டு கையாலும் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். மிக்ஸி நின்றது. செண்பகம் தேங்காயை வழித்து எடுத்துவிட்டு, ஜாரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். குப்பை போட வெளியே வந்தபோதுதான் பார்த்தாள், கோமதியின் இரண்டு கையிலும் ரத்தம்.

கால் மணிநேரம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் நெல்லையப்பன் ஆரம்பித்தார். கோமதி அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் முடிக்காமல் விட்டுவிட்டார்.

சிதம்பரத்தை நடுவீட்டில் கிடத்தினார்கள். பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நடுவில் கோமதி மாரில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். வெளியூரிலிருந்து வந்தவர்கள், பொண்டாட்டிக்காரி ஒரு சத்தம் போட்டு அழமாட்டேங்காளே, என்ன மனசோ என்று ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள். செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை, எழுந்து வாசலில் உலகநாதனிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அப்பா போன சேதியச் சொல்ல வேண்டாம். அம்மைய மியூட்லருந்து எடுத்து விடுன்னு மட்டும் சொல்லுங்க. மைனி ஒரு தடவை வாய்விட்டு அழட்டும்."

உலகநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார். தம்பி செத்த துக்கம் அவருக்கும் இருந்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் எழுதத் தொடங்குவதற்குள் கோமதி உள்ளேயிருந்து வந்து ஃபோனைப் பிடுங்கினாள், கட்டுப்போட்ட இரண்டு கையாலும் ஒன்பது விரலை விரித்துக் காட்டினாள். ஒன்பது நாள். எடுத்துவிட்டால் வடிவு உடனே கூப்பிடுவாள், கூப்பிட்டால் இந்த வாய் நிற்காது, இந்த வாய் நிற்காவிட்டால் பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடும். அவள் இதையெல்லாம் எழுதிக் காட்டவில்லை, தெருவுக்கு அது எழுதாமலே புரிந்தது. உலகநாதன் மகன் கொள்ளி வைத்தான். வடிவுக்கு, அம்மா ஃபோன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது, கடையில் கொடுத்திருக்கிறது, இருபத்தி நாலாம் தேதிதான் கிடைக்கும், அப்பா ஃபோனுக்கும் டவர் இல்லை, நீ நல்லா படி என்று குரூப்பில் பெரியப்பா எழுதினார். தொண்ணூற்று இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு ஆமாம் என்பதுபோலக் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

ஜூலை இருபத்தி நாலாம் தேதி சாயங்காலம் கோமதி கொல்லையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கை தவறி டம்ளர் குழாயில் பட்டது, ணங் என்று கேட்டது. அவள் அப்படியே நின்றாள். நம்ப முடியாமல் இன்னொருதரம் தட்டினாள், ணங். உள்ளே ஃபோன் அடித்தது, பார்க்க வந்திருந்த செண்பகம் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், பின்னாலேயே உலகநாதன், பின்னாலேயே இன்னும் நாலு பேர்.

"அம்மா, பாஸாயிட்டேன். வாய்மொழிப் பரீட்சை, அங்கனயே சொல்லிட்டாங்க. மொதல்ல உன்னத்தான் மியூட்லருந்து எடுத்தேன்."

"நல்லது வடிவு." நாலு மாசத்துக்குப் பிறகு வந்த குரல், கரகரவென்று யாருடையதோ போல இருந்தது.

"அப்பாகிட்ட குடு."

உலகநாதன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்பா தென்காசிக்குப் போயிருக்காவ" என்றாள் கோமதி. "வர நேரமாகும்."

"வந்ததும் சொல்லிரு. என்னம்மா கொரல் இப்படி இருக்கு, இன்னும் தொண்டை சரியாகலையா? எத்தன மாசமாச்சு உன் சத்தத்தக் கேட்டு. இனிமே உன்ன மியூட்ல போட மாட்டேம்மா. அன்னைக்குக் கோவத்துல போட்டுட்டேன்."

கோமதிக்கு அடிவயிற்றிலிருந்து அது கிளம்பிவிட்டது. ஒன்பது நாளாக உள்ளே கிடந்தது, வழி திறந்தது தெரிந்ததும் நெஞ்சுக்கு ஏறி, தொண்டைக்கு ஏறி வந்தது. அவள் துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்து என்ன இருக்கு ஒனக்கு?"

"தீசிஸ் எழுதணும். திங்கக்கிழம ஆரம்பம். ஆறு மாசம். அது முடிஞ்சாத்தான் டிகிரி."

"அப்ப என்னைய எடுக்காத. பழையபடியே போட்டுரு."

"ஏம்மா, கோவமா?"

"கோவம் என்ன. நான் சும்மா இருக்க மாட்டேன். எதையாவது அனுப்பிக்கிட்டே இருப்பேன், ஒனக்கு இடைஞ்சல். எப்போதும்னு போட்டுரு."

வடிவு சிரித்தாள், பாரம் இறங்கின சிரிப்பு. "நெசமாவே சொல்லுதியாம்மா? நானே கேக்கணும்னுதான் இருந்தேன், கேட்டா வருத்தப்படுவியோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். நீதாம்மா என்னப் புரிஞ்சிக்கிடுத."

"சரி, வை. வச்சிட்டு இப்பமே போடு."

ஃபோனைச் செண்பகத்திடம் கொடுத்துவிட்டு, கோமதி உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, விரலை மடக்கித் துவைகல்லில் தட்டினாள். கேட்டது. இன்னொருதரம் தட்டினாள். கேட்டது. "அழுங்க மைனி, இப்பமாவது அழுங்க" என்று செண்பகம் அவள் தோளைப் பிடித்தாள், கோமதி தலையை ஆட்டிவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். எட்டாவது தட்டோ ஒன்பதாவது தட்டோ, கேட்கவில்லை. உறுதியாகத் தெரிந்துகொள்ள இன்னும் ஒருதரம் தட்டினாள்.

அப்புறம் தரையில் உட்கார்ந்து, அவர் சரிந்து விழுந்த இடத்தில் நெற்றியை வைத்து, புருஷனுக்காக அழுதாள்.

தெருவில் வீட்டுக்கு வீடு டிங், டிங் என்று விழுந்துகொண்டிருந்தது. வடிவு குரூப்பையும் மியூட்டிலிருந்து எடுத்துவிட்டு, பாஸாகிவிட்டதாக அதில் போட்டிருந்தாள், தொண்ணூற்று மூன்று பேரும் பூங்கொத்துப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் பூங்கொத்து, கொல்லையில் நின்றுகொண்டே, உலகநாதன் அனுப்பியது.